படம் எடுத்தவன் நின்ற இடம்

தோள்வலி மூன்றாம் நாளும் போகவில்லை.

அமலினிக்கு உடம்பு நோவு புதிதல்ல. பேசாலைக் கரையில் பன்னிரண்டு வயதிலேயே கருவாட்டுச் சாக்கு சுமந்தவள். எந்த வேலை உடம்பில் எந்த இடத்தைப் பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆள் தூக்கினால் நாரி. நிலம் துடைத்தால் முழங்கால். துணி பிழிந்தால் மணிக்கட்டு. இது அவை ஒன்றிலும் சேராத நோவு. இரண்டு தோளுக்கும் மேலால் இறங்கி, நெஞ்சுக்குழியில் ஒன்றாகி, அடிவயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனது. காலையில் கண்ணாடிக்கு முன்னால் சட்டையை விலக்கிப் பார்த்தாள். மூன்று விரல் அகலத்தில் சிவந்த தடம். பட்டி போட்டு இறுக்கிக் கட்டி, கட்டினபடியே நெடுநேரம் குலுக்கியெடுத்தால் வருகிற தடம்.

பிறின்ஸிடம் காட்டினாள். அவள் புருசன். பலெர்மோவில் பொலிதேயாமாப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவுகிறவன். படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

“ஆரடி உன்னைக் கட்டிவைச்சது?”

“பகிடி விடாதை. எரியுது.”

“கிழவியைப் பிழையாத் தூக்கியிருப்பாய். தைலம் பூசு. இன்னும் ஒன்பது நாள்தானே. குவெஸ்தூராவிலை விரலடையாளத்தைக் குடுத்திட்டு வா. பிறகு கிழவியைத் தூக்கிறியோ மலையைத் தூக்கிறியோ, உன்ரை விருப்பம்.”

ஒன்பது நாள். இத்தாலியில் இருக்க விடுகிற தாள், அமலினியின் பெர்மெஸ்ஸோ, முடிந்து, புதுப்பிக்கப் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் நாள் கொடுத்திருந்தார்கள். அந்த நாளில் வேலை ஒப்பந்தமும், வேலை கொடுத்தவர் கையெழுத்து வைத்த தாளும் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதினொரு வருசம் பிறத்தியார் வீட்டுக் கக்கூசு கழுவினது முழுக்கத் தண்ணீருக்குள்.

வேலை லிபெர்த்தாத் தெருவில், மூன்றாம் மாடி. வீட்டுக்காரி சின்யோரா இல்டேக்கு எழுபத்தெட்டு வயது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறும். கலியாணம் கட்டவில்லை. பார்க்க ஒருவரும் வருவதில்லை. வாசல் கதவிலிருந்து சின்யோராவின் அறை வரைக்கும் நேராக ஒரு நடை, யன்னல் இல்லாதது. அதன் இரண்டு பக்கச் சுவரிலும் படங்கள்.

எல்லாம் ஜெர்மன்காரரின் போர் விமானங்கள். இரண்டாம் உலக யுத்தகாலத்தில், நகரத்துக்குப் பின்னால் மலையடியில் இருந்த தளத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். மூக்கு முழுக்கக் கண்ணாடியான இரட்டை எஞ்சின் விமானம், இறக்கையில் கறுப்புச் சிலுவை, அந்த இறக்கையின் நிழலில் விமானிகள். ஒருவன் தகரக் கோப்பையில் தண்ணீர் வைத்துச் சவரம் செய்கிறான். ஒருவன் குண்டின் மேல் கால்போட்டு இருந்து தோடம்பழம் உரிக்கிறான். ஒருவன் நாய்க்குட்டிக்குத் தன் கண்ணாடியை மாட்டிவிட்டுச் சிரிக்கிறான்.

முதல் நாளே அமலினி அந்தப் படங்களுக்கு முன்னால் கனநேரம் நின்றாள். போர் விமானத்தைக் கீழே இருந்து மட்டும் பார்த்தவள் அவள். இருபத்தொரு வயதில், வன்னியில், பங்கருக்குள் காதைப் பொத்தி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு. அப்போது விமானம் என்பது வானத்தில் ஒரு வெள்ளிக் கீறல், பிறகு ஒரு சத்தம், பிறகு மண். அதற்குள் ஒருவன் இருப்பான், அவனுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், தோடம்பழம் பிடிக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

இந்த வேலையை எடுத்துத் தந்தது சறோஜாக்கா. அளவெட்டிக்காரி, ஐம்பது வயது. பலெர்மோவுக்கு வந்த புதிதில், ஒரேத்தோத் தெருவில் அவளுடைய கட்டிலின் பாதியில்தான் அமலினி ஒரு மாரி முழுக்கப் படுத்தாள். முதல் சம்பளம் வரும்வரை சோறு போட்டவள். “எனக்கு ஏலாது, நாரி போட்டுது. உனக்குத்தான் இப்ப ஒப்பந்தம் வேணும், நீ எடு” என்று அவள் கூப்பிட்டபோது அமலினி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வேலையைக் கையளித்த அன்று சின்யோரா ஒரு படம் எடுக்கச் சொன்னார். சறோஜா தன் போனைப் புத்தகத் தட்டில் சாய்த்து வைத்தாள். சின்யோரா கதிரையில். பின்னால் அமலினி.

“நாங்கள் மூண்டு பேராச்சே, அக்கா.”

மூன்று பேர் சேர்ந்து நின்று படம் எடுத்தால் அதில் ஒருவர் போய்விடுவார் என்று ஊரில் சொல்வார்கள். சைவக்காரரும் சொல்வார்கள், வேதக்காரரும் சொல்வார்கள். அப்படி எடுக்க வேண்டி வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுத்து நிறுத்துவார்கள். பிள்ளை கிடைக்காவிட்டால் கையில் ஒரு பொம்மையை வைத்துக்கொள்வார்கள்.

“அதுக்கென்ன,” என்று சொல்லிச் சறோஜா நடைச் சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். விமானத்துக்கு முன்னால் தோளோடு தோள் நிற்கும் மூன்று விமானிகள். “இதைப் பிடி. இவங்களும் சேந்தால் மூண்டு இல்லைத்தானே. நெஞ்சோடை வைச்சுப் பிடி. ஆடாதை. என்னைப் பாராதை, போனைப் பார்.”

பத்து விநாடிக்குப் பிறகு எடுக்கும்படி போனை வைத்திருந்தாள். காலடி கேட்டது. இடது பக்கம் ஒரு தோள் வந்து அமலினியின் தோளோடு அழுந்தியது. அவள் போனைப் பார்த்துச் சிரித்தாள்.

அது மூன்று கிழமைக்கு முந்தின கதை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்யோராவைப் படுக்க வைத்து, வெயில் உள்ளே வராமல் யன்னலின் மரமூடிகளை இறக்கிவிட்டால், அந்த வீடு பட்டப்பகலில் இருட்டிவிடும். கீழே கடைக்காரர்கள் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் படுக்கப் போயிருப்பார்கள். வெயில் தணியும்வரை தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் ஓடாது. அப்படி ஒரு பொழுதில், குசினியில் இருந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த மணம் வந்தது: பெற்றோலும் இல்லாமல் மண்ணெண்ணெயும் இல்லாமல், கொதிக்கிற இரும்பில் எண்ணெய் ஒழுகிக் கருகும் மணம், அதற்கு அடியில் ஈரத் தோலின் மணம், அதற்கும் அடியில், மூக்கு ஒத்துக்கொள்ள மறுத்த ஒன்று, தலைமயிர் பொசுங்கும் மணம். காஸ் அடுப்பைப் பார்த்தாள். பூட்டிக் கிடந்தது. மணம் நடையிலிருந்து வந்தது.

அடுத்த நாள் சத்தம். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. அலுமாரிக்குள் கண்ணாடிக் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன, தண்ணீர்ப் போத்தலில் வட்டம் வட்டமாக அலை வந்தது, குதிக்காலிலிருந்து பல்வரைக்கும் ஒரு அதிர்வு ஏறி அங்கேயே நின்றது. லிப்ற் ஓடுகிறதாக்கும் என்று நினைத்தாள். லிப்ற் பழுதாகி நாலு நாள் ஆகிறது என்பது பிறகு நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை படங்களைத் துடைத்தாள். மூன்று விமானிகளில் நடுவில் நின்றவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை பார்த்தபோது அவன் வாய் மூடியிருந்தது.

தன் கண்ணைத்தான் அவள் குறை சொன்னாள். நித்திரை இல்லை, தோள்வலி, கண் மங்குகிறது. திங்கட்கிழமை மறுபடி பார்த்தாள். தோளோடு தோள் நின்றவர்கள் விலகி நின்றார்கள். நடுவில் நின்றவனுக்கும் இடது பக்கத்தானுக்கும் இடையில், ஓர் ஆள் நிற்கக் காணுமான இடம் இருந்தது.

அன்று பின்னேரம் சின்யோராவுக்குச் சூப் பருக்கும்போது கேட்டாள்.

“சின்யோரா, நடையில் அந்த மூன்று பேர் படம். யார் அவர்கள்?”

சின்யோரா சூப்பை விழுங்கி முடித்தார். வாய் ஒருபக்கம் கோணிக்கொண்டு சொற்கள் மெல்ல வந்தன.

“அந்த விமானத்தில் நாலு பேர் போவார்கள்.”

“படத்தில் மூன்று பேர்தானே.”

“நாலாவது ஆள் படம் எடுத்தவர். என் அப்பா.” கரண்டியைக் கையால் விலக்கினார். “அன்று காலை புறப்படும் முன் மூன்று பேரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். எடுத்துவிட்டு வயிற்றுவலி என்று சொன்னார். அவர்கள் அவரை விட்டுவிட்டுப் போனார்கள். கடலைத் தாண்டவில்லை. எரிந்து விழுந்தது. அப்பா சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்து என் அம்மாவின் வீட்டுக்கு வந்தார். பெயரை மாற்றிக்கொண்டு இந்த ஊரில் நாற்பது வருசம் மணிக்கூடு திருத்தினார்.”

“விமானம் பழுது என்று அவருக்குத் தெரியுமா?”

“எஞ்சினில் கை வைத்தேன் என்றும் சொல்லவில்லை. வைக்கவில்லை என்றும் சொல்லவில்லை. இறக்கும்போது ஒன்று சொன்னார். அவர்கள் என் மீது கோபமாக இல்லை, இல்டே, காத்துக்கொண்டு நிற்கிறார்கள், நாலு பேர் இல்லாமல் அந்த விமானம் புறப்படாது என்றார்.”

பிறகு சின்யோரா அமலினியின் தோளைப் பார்த்தார். சட்டைக்கு மேலால், சரியாகத் தடம் இருந்த இடத்தை.

“நோகிறதா?” என்று கேட்டார். இரக்கமாகத்தான் கேட்டார்.

அமலினி யாரிடமும் தோள்வலியைப் பற்றி அந்த வீட்டில் சொன்னதில்லை.

சூப் கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டு நடைக்கு வந்தாள். அந்தப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். முகங்களைப் பார்க்கப் பிடிக்காமல் பின்பக்கம் திருப்பினாள். மஞ்சளான அட்டையில் பெயர்கள். மேலே மூன்று ஜெர்மன் பெயர்கள் ஒன்றாக, மூன்றுக்கும் பக்கத்தில் சின்னச் சிலுவை. கீழே வேறாக, எர்வின் என்று நாலாவது ஜெர்மன் பெயர், கோடு இழுத்து வெட்டியிருந்தது. அதன் கீழ் வேறொரு கையெழுத்தில் தொய்னா, ருமேனியப் பெண்ணின் பெயர், வெட்டியிருந்தது. அதன் கீழ் சறோஜா, இத்தாலி எழுத்தில். வெட்டியிருந்தது.

அதன் கீழே தமிழில், அமலினி.

வெட்டவில்லை.

அந்த எழுத்தை அவளுக்குத் தெரியும். ‘னி’யின் மேல் கொக்கியை வளைத்து அடுத்த வரிவரை இறக்குகிற எழுத்து. அந்த மாரி முழுக்கக் குசினிச் சுவரில் ஒட்டியிருந்த சாமான் துண்டுகளில் பார்த்த எழுத்து. அரிசி, வெங்காயம், அமலினிக்குப் பால். பெயருக்குப் பக்கத்தில் திகதி. இந்த வேலையை எடு என்று சறோஜாக்கா கூப்பிட்டதற்கு நாலு நாள் முந்தின திகதி.

போன் எடுத்தாள்.

“சறோஜாக்கா, படத்துக்குப் பின்னாலை என்ரை பேர் கிடக்கு.”

அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம். பிறகு அடுப்பை நிற்பாட்டுகிற சத்தம்.

“சாப்பிட்டியே?”

“அக்கா. உங்கடை எழுத்து.”

“ஓம். என்ரை எழுத்துத்தான்.” மூச்சு விட்டாள். “ஏழு மாசம் அமலினி. கடைசியிலை எனக்குக் கால் நிலத்திலை முட்டேல்லை. படுத்தால் கட்டில் குலுங்குது. ஆரும் ஒருத்தி தன்ரை கையாலை அதை நெஞ்சோடை பிடிக்கோணும், பிடிச்சபடி படம் எடுக்கோணும், பேர் எழுதோணும், அப்பதான் விடுவாங்கள் எண்டு சின்யோராதான் சொன்னவ. எனக்கும் அப்பிடித்தான் செய்தவை. நான் என்ன செய்ய?”

“வேறை ஒருத்தியும் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?”

“ஒரு மொல்தோவாக்காரியைக் கேட்டன். ஏன் பிடிக்கோணும் எண்டு கேட்டாள். பிலிப்பைன்காரி ஒருத்தி சிரிச்சிட்டுப் போட்டாள்.” சட்டியை இறக்கி வைக்கிற சத்தம். “எங்கடை ஆக்கள்தான் மூண்டு பேர் எண்டால் கேள்வி கேக்காமல் வாங்கிப் பிடிக்கும்.”

அமலினி நடைச் சுவரில் சாய்ந்தாள். கோபமாக இருந்திருந்தால் கத்தியிருப்பாள். இது அதற்குக் கீழே எங்கேயோ இருந்தது, பாதிக் கட்டிலில், போர்வையைப் பங்கு போட்ட இடத்தில்.

“நீங்களும் என்னோடை நிண்டனீங்கள்தானே,” என்றாள். “தோளோடை தோள் முட்டிக்கொண்டு நிண்டனீங்கள்தானே அக்கா.”

“நான் நிக்கேல்லை. பொத்தானை அமத்திப்போட்டு வாசல் கதவடிக்குப் போட்டன். எனக்கென்ன விசரே.”

போன் நின்றது. ஒரு நிமிசம் கழித்துப் படம் வந்தது. கதிரையில் சின்யோரா. பின்னால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அமலினி. இடது பக்கம் வெறும் சுவர். அவளுடைய இடது தோளில் மட்டும் சட்டை அழுந்திச் சுருங்கியிருந்தது, ஒரு பாரம் சாய்ந்த மாதிரி.

அந்தத் தோளில் அன்று உரசின துணி மொத்தமானது. கம்பளிபோலச் சொரசொரத்தது. அது சறோஜாக்காவின் சட்டை இல்லை என்று உடம்புக்கு அப்போதே தெரிந்திருந்தது. மனம்தான் கேட்கவில்லை.

அன்று அவள் பெயரை வெட்டிப் பார்த்தாள். பேனை மை அட்டையில் பிடிக்கவில்லை. சட்டத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மேலே வந்தாள், அது பழையபடி ஆணியில் தொங்கியது. பிறின்ஸிடம் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான், பிறகு அவளுடைய தோளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிற்பாட்டினான். “போகாதை,” என்றான். பிறகு, தலையைச் சொறிந்துகொண்டு, “எத்தினை நாள் கிடக்கு?” என்றான்.

நாலு நாள். மூன்று. இரண்டு. சின்யோரா தாளில் கையெழுத்து வைக்கவில்லை. கை நடுங்குகிறது, நாளைக்கு என்றார். நாளைக்கு என்றார்.

கடைசி நாள் சிரொக்கோ வீசியது. ஆபிரிக்காவிலிருந்து வருகிற அந்தக் கொதிகாற்று ஊரையே மண்ணால் மூடியது. வானம் செங்கல் நிறமாகி, மூன்று மணிக்கே வெளிச்சம் செத்தது. எல்லா வீட்டிலும் குளிரூட்டியைப் போட்டதில் கரண்டும் நின்றது. நாளைக் காலை ஒன்பது மணிக்குக் குவெஸ்தூரா. தாள் சின்யோராவின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்து மேசையில்.

அமலினி வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். படிக்கட்டில் யாரோ வைத்த கோப்பியின் மணம். இரண்டு எட்டு வைத்தால் வெளியே. பதினொரு வருசமும் உள்ளே.

“அமாலி.” அவளைச் சின்யோரா சுருக்கிக் கூப்பிடுகிற பெயர், சின்யோராவின் குரல். குழறவில்லை. சின்னப் பெண்ணின் குரல்போலத் தெளிவாக இருந்தது. “கையெழுத்து வைத்துவிட்டேன். வந்து எடுத்துக்கொள்.”

கதவை அகலத் திறந்து, செருப்பை வைத்து அண்டை கொடுத்தாள். நடைக்குள் நடந்தாள்.

பதினெட்டு அடி நடை. கல் பதித்த நிலம். நாலாம் எட்டில் வெறுங்கால் கல்லில் படவில்லை. மெல்லிய தகரத்தில் பட்டது. தகரம் மிதிக்க மிதிக்க உள்வாங்கி நிமிர்ந்தது. அதிர்வு பல்லுக்கு ஏறியது. சுவர்கள் விமானத்தின் உட்புறம்போல வளைந்து தலைக்கு மேல் கிட்ட வந்தன. அவள் குனிந்தாள். குனியாமல் போக முடியவில்லை.

தோடம்பழம் உரித்தவனின் படம். குண்டு மட்டும் இருந்தது.

நாய்க்குட்டியின் படம். நாய் மட்டும்.

மூன்று பேரின் படத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

பின்னால் வாசல் கதவு மூடியது. அடித்து மூடவில்லை. யாரோ மரியாதையாகச் சாத்தினார்கள்.

மணம். எண்ணெய். ஈரத் தோல். மயிர்.

சின்யோராவின் அறை வாசல். அதில் மூன்று முதுகுகள். மொத்தக் கம்பளிச் சட்டை. குனிந்து நிற்கிறார்கள், தணிந்த இடத்துக்குள் ஏறப்போகிறவர்கள் குனிகிற மாதிரி. அவர்களுக்கு அப்பால் மேசை. மேசையில் வெள்ளைத் தாள். அதில் மை காயாத கையெழுத்து. கட்டிலில் சின்யோரா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறார்.

“சின்யோரா.”

சின்யோரா திரும்பவில்லை. “அவர்களைக் காக்க வைக்காதே,” என்றார்.

நடுவில் நின்றவன் திரும்பினான். முகம் இருந்த இடத்தில் கருகியது இருந்தது. அதற்குள் பற்கள், நடுவில் இடைவெளியோடு. கோபம் இல்லை. களைத்துப்போனவன். இத்தனை காலம் நின்று களைத்தவன். கையில் ஒரு தோல் தொப்பி, காதுமூடியோடு. உள்ளே ஆவி பறந்தது. அதை அவளிடம் நீட்டினான். மற்ற இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு எட்டு விலகினார்கள்.

இடம் வந்தது.

அவர்கள் எர்வினைக் கேட்கவில்லை, அமலினியையும் கேட்கவில்லை, பெயர் அவர்களுக்கு முக்கியமில்லை. எண்பது வருசத்துக்கு மேலாக அந்த வீடு அவர்களுக்கு ஓர் ஆள் கடன். இன்னும் கொடுபடவில்லை.